புயலுக்குப் பிறகு தோட்டம்: அரிவாள் கடைசியில்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாக வீடு கட்டி, ஆசையாய் நாலு செடி வைத்து, முதல் புயலைப் பார்த்தவர்கள் மறுநாள் காலையில் அரிவாளோடுதான் கொல்லையில் இறங்குவார்கள். நானும் அப்படி இறங்கியவன்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் காற்று. விடிந்து பார்த்தால் எங்கள் செண்பக மரத்தில் ஓர் இலை இல்லை. கிளையெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி நின்றது. செத்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, ஆள் வைத்து அடியோடு வெட்டினேன்.

பின்தெருவில் கிட்டத்தட்ட அதே வயசுச் செண்பகம், அதே மொட்டைக் கோலம். அந்த வீட்டு ஆயாவுக்கு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் மரம் வெட்டுகிறவர்களுக்கு அவ்வளவு கிராக்கி. மாசியில் அந்த மரம் தளிர்விட்டது. "செத்துப்போச்சின்னு மரமா தம்பி சொல்லிச்சி? நீயாதான சொல்லிக்கிட்ட" என்றார் ஆயா. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பார்த்த புயல்களில் கற்றுக்கொண்டதை, முதல் தடவை அடிபட்டு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். ஊட்டிப் பக்கம் உறைபனி செடியைக் கருக்கும். நமக்கு அந்த வேலையைக் கடலும் காற்றும் தேங்கின தண்ணீரும் செய்கின்றன.

முதலில் வந்தது எந்தப் புயல் என்று பாருங்கள். தானே காற்றுப் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் தண்ணீர்ப் புயல். நகராமல் நின்றுகொண்டு, ஒரே நாளில் புதுச்சேரியில் அரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவாகக் கொட்டித் தீர்த்தது. பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. காற்று உண்டாக்கிய காயம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் உண்டாக்கிய காயம் மண்ணுக்குள் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, வெயில் சுள்ளென்று அடிக்கிற ஒரு நாளில், பச்சையாக நின்ற செடி திடீரென்று தொங்கும்போதுதான் தெரியவரும். அதனால் வேலையைக் கீழேயிருந்து தொடங்க வேண்டும். வேர் முதலில், கிளை கடைசியில்.

இறங்குவதற்கு முன்

மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, மரக்கிளை கம்பிமேல் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஈரத்தில் கால் வைக்காதீர்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளையை மின்வாரிய ஆள் வரும்வரை விட்டுவிடுங்கள். வெள்ளம் வடிந்த இடத்தில் மட்டைக் குவியலுக்கு அடியில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். கையால் அள்ளாமல் கழியால் புரட்டிப் பாருங்கள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

கீரைப்பாத்தியில் வெள்ளத் தண்ணீர் ஏறியிருந்தால் அந்தக் கீரையைப் பறித்துச் சமைக்க வேண்டாம். தெருச் சாக்கடையும் அதோடு கலந்துதான் வந்திருக்கும். பிடுங்கிப் போட்டுவிட்டு, மண் காய்ந்தபின் புதிதாக விதைத்துக்கொள்ளலாம். கீரைதானே, மூன்று வாரத்தில் வந்துவிடும்.

முதல் இரண்டு நாள்: தண்ணீரை வெளியேற்றுவது

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேர் திணறும், அழுகும், பூஞ்சை ஏறும். எவ்வளவு நாள் தாங்கும் என்பது செடிக்குச் செடி வேறு. பப்பாளி இரண்டு நாளில் கதை முடித்துவிடும். முருங்கையும் கறிவேப்பிலையும் அதைவிடக் கொஞ்சம்தான் தேவலை. தென்னை, நாவல் போன்றவை பல நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே பப்பாளிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மரத்தூரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, ஓரடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தாழ்வான பக்கம் திருப்பிவிடுங்கள். தூரை ஒட்டி வெட்டினால் இருக்கிற வேரும் அறுபடும். தண்ணீரை வெட்டிவிட வழியே இல்லாத மனையென்றால் மூலையில் ஒரு குழி தோண்டி அதில் சேர்த்து வாளியாலோ மோட்டாராலோ இறைக்க வேண்டியதுதான். மேலே தண்ணீர் வற்றினாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரடிக் குழி ஒன்று போட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். அதில் தண்ணீர் ஊறி நின்றால் உங்கள் செடியின் வேர் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

இது மண்ணைப் பொறுத்த விஷயமும்கூட. தேவனாம்பட்டினம் பக்கத்து மணலில் ஒரே நாளில் வடியும். கேப்பர் மலைச் செம்மண்ணில் சரிவு இருப்பதால் ஓடிவிடும். கெடிலம், தென்பெண்ணைக் கரையோரக் களியில் வாரக்கணக்கில் நிற்கும். களிமண்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஈரம் சொதசொதவென்று இருக்கும்போது பாத்தியில் நடமாடினால் மண் மிதிபட்டு இறுகிப்போகும், பிறகு காற்றே உள்ளே போகாது. பலகையைப் போட்டு அதன்மேல் நடங்கள்.

ஆற்றுத் தண்ணீர் வண்டலைக் கொண்டுவந்து தூரைச் சுற்றிப் படியவைத்திருந்தால், பழைய மண் தெரிகிறவரை அதை வழித்தெடுங்கள். வண்டல் நல்ல உரம்தான், ஆனால் அது காய்ந்தால் தட்டு போல மூடிக்கொள்ளும். எடுத்ததைக் குவித்து வைத்து, வெயில் காலத்தில் எருவோடு கலந்து போடுங்கள். மெல்லிய படலம்தான் என்றால் கொத்தால் லேசாகக் கிளறிவிட்டாலே போதும்.

மாடித் தொட்டிகளுக்கு: அடியில் வைத்த தட்டை எடுத்துவிட்டு, தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுக் குத்துங்கள். தண்ணீர் இறங்காவிட்டால் செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளை வேர் உயிர் வேர். கருத்து, வழுவழுப்பாக, நாற்றம் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் நறுக்கிவிட்டுப் புது மண்கலவையில் வைத்து நிழலில் விடுங்கள்.

உப்பு

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இது தனிக் கணக்கு. புயல் காற்று கடல் நீரைத் துவலையாக அள்ளி வந்து இலைமேல் தெளித்துவிடும். இரண்டு மூன்று நாளில் இலையின் நுனியும் விளிம்பும் நெருப்பில் காட்டியது மாதிரி கருகும். கடலைப் பார்த்த பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கருகியிருந்தால் அது நோயல்ல, உப்பு. மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். புயலுக்குப் பின்னால் நல்ல மழை பெய்தால் அதுவே கழுவிவிடும். பெய்யாவிட்டால் நல்ல தண்ணீரால் இலையின் மேலும் கீழும் இரண்டு மூன்று நாள் தெளித்துக் கழுவுங்கள். உங்கள் போர் தண்ணீரே உப்பென்றால் பிடித்துவைத்த மழைத்தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

கடல் நீரே மண்ணில் ஏறி நின்றிருந்தால் அது பெரிய வேலை. மண் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருந்தால், அந்த மேல்படலத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு நல்ல தண்ணீரைப் பாத்தி நிறையக் கட்டி வடியவிட வேண்டும். களிப்பான மண்ணாக இருந்தால், பத்தடிக்குப் பத்தடி பாத்திக்கு ஒரு கிலோ ஜிப்சம் தூவிக் கொத்திவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள். ஜிப்சத்தில் உள்ள கால்சியம், மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தை விடுவிக்கும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டுப் பயனில்லை, வெளியே போக வழியில்லாத உப்பு அங்கேயேதான் கிடக்கும்.

சாய்ந்ததை நிமிர்த்துவது

இதுவும் அவசரமான வேலை. வெளியே தெரியும் வேர் காய்வதற்குள் செய்ய வேண்டும். ஆள் வர நாளாகும் என்றால் அதுவரை ஈரச் சாக்கைப் போட்டு வேரை மூடி வையுங்கள்.

இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தக்கூடிய அளவு மரம் பிழைக்கும். வளர்ந்த மாவோ பலாவோ பாதி வேரறுந்து படுத்துவிட்டால் அதை நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தினாலும் அடுத்த காற்றில் கூரைமேல் விழும். சின்ன மரம் என்றால், முதலில் தலைப்பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். வேர் குறைந்தபின் அத்தனை இலைக்கும் அதால் தண்ணீர் கொடுக்க முடியாது. பிய்ந்து நாராகத் தொங்கும் வேரை நேராக நறுக்குங்கள். வேர் மடங்காமல் அமரும்படி குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ஒரே மூச்சில் வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக நிமிர்த்துங்கள். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து உள்ளே பொந்து இல்லாமல் கெட்டிக்க வேண்டும்.

முட்டுக் கொடுக்க நம் ஊரில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. மூன்று கழியை முக்கோணமாக ஊன்றி, கயிறு பட்டையை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு லேசாக ஆடினால்தான் புது வேர் பலமாகப் பிடிக்கும். ஆறு மாதமாவது முட்டு இருக்கட்டும். கயிறு தண்டில் பதிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க மறக்காதீர்கள். எங்கள் நார்த்தை மரத்தில் நான் மறந்த கயிற்றின் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

உயிர் இருக்கிறதா: நகச் சோதனை

மொட்டையாக நிற்கும் கிளையில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர். பழுப்பாக, காய்ந்திருந்தால் அந்த இடம் செத்தது. நுனியில் தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாகக் கீழே வாருங்கள். பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். உறைபனி கருக்கிய செடிக்கும் இதே சோதனைதான் செய்வார்கள்.

ஆனால் அடையாளம் வைத்ததோடு நிறுத்துங்கள். அன்றைக்கே வெட்ட வேண்டாம். பச்சை இருக்கும் இடம் அடுத்த சில வாரங்களில் கீழே இறங்கவும் செய்யும். செத்தது என்று நினைத்த கிளையில் மொட்டு பிதுங்கவும் செய்யும். தை கடைசி, மாசி தொடக்கம் வரை பொறுத்தால் எது வாழும் எது போகும் என்று மரமே காட்டிவிடும். நான் இழந்த செண்பகத்துக்கு ஒன்றரை மாதப் பொறுமைதான் தேவைப்பட்டிருக்கிறது.

உடனே வெட்ட வேண்டியவை மூன்றே மூன்று: தலைமேல் தொங்கும் ஒடிந்த கிளை, பட்டையோடு கிழிந்து தொங்குவது, ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பது.

தொடை மொத்தக் கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்தால், பாதியில் பாரம் தாங்காமல் ஒடிந்து தாய்மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அதனால் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாக எடுக்கும்போது, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டுவைத்து அதற்கு வெளியே அறுக்க வேண்டும். புண் மூடப் பட்டை அந்தக் கழுத்திலிருந்துதான் வளரும்.

விரல் மொத்த வெட்டுக்கு ஒன்றும் பூச வேண்டாம். பெரிய வெட்டுக்கு, அதுவும் எலுமிச்சை, மா என்றால், பூஞ்சை ஏறாமல் தடுக்கும் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை அதில் ஒரு நிமிடம் தோய்த்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு தேவை. அன்றைக்கே பூசி முடித்துவிடுங்கள்.

நிழலில் வளர்ந்த தண்டு, இலை போனபின் நேர் வெயிலைத் தாங்காது. பட்டை வெடித்து அதில் துளைப்பான் புழு புகும். மேற்குப் பக்கத் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அழகுக்கு அடிப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

உரம் வேண்டாம், இப்போது வேண்டாம்

அடிபட்ட செடியைப் பார்த்ததும் யூரியா போட்டுத் தேற்ற நினைப்பது நம் பாசம். அழுகிய வேர் உரத்தை எடுத்துக்கொள்ளாது. மண்ணில் சேரும் உப்பு அதை மேலும் எரிக்கும். ஒரு மாதம் மண்ணில் ரசாயன உரமே வேண்டாம். புதுத் தளிர் தலைகாட்டிய பிறகு, பத்து லிட்டர் தண்ணீரில் 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து இலைமேல் தெளிக்கலாம். வேர்ப்பக்கத்துக்கு, நன்றாக மக்கிய எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து (50 கிலோ எருவுக்கு ஒரு கிலோ என்ற விகிதம்) தூரைச் சுற்றி இடலாம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் மண்ணில் தாமிர மருந்து ஊற்றாதீர்கள். அது நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

மார்கழிப் பனியில் தளிர் வந்தால் பின்னாலேயே அசுவினியும் மாவுப்பூச்சியும் வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் தெளிப்பு. வாரம் ஒன்று வீதம் இரண்டு மூன்று முறை போதும்.

செடிவாரியாகக் கொஞ்சம்

வாழை நடுவில் முறிந்தால் அதற்காக அழ வேண்டாம். முறிந்த மரத்தைத் தரையோடு அறுத்துவிட்டு, பக்கக்கன்றுகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள். குலை முக்கால் முற்றியிருந்தால் வெட்டிப் பழுக்கவையுங்கள். பிஞ்சென்றால் இருக்கவே இருக்கிறது வாழைக்காய் பொரியல். இலை மட்டும் கிழிந்திருந்தால் தொடாதீர்கள், கிழிந்த இலையும் மரத்துக்குச் சாப்பாடு சமைத்துக்கொண்டுதான் இருக்கும்.

தென்னையில் பார்க்க வேண்டியது குருத்து. நடுக்குருத்து திருகி, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். மரம் ஏறத் தெரிந்தவரை விட்டு அழுகிய பாகத்தைச் சுத்தமாக எடுத்து, அங்கே போர்டோ பசை தடவி, அடுத்த குருத்து வரும்வரை மழை படாமல் மூட வேண்டும். அக்கம்பக்கத்துத் தென்னைகளின் குருத்திலும் ஒரு சதவீதப் போர்டோ கலவை (100 கிராம் துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர்) ஊற்றுவது நல்லது. விழுந்த தென்னையைக் கொல்லையிலேயே மக்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும்; பிழைத்த மரத்தை அடுத்த வருஷம் அது துளைக்கும்.

எலுமிச்சை புயலன்று நன்றாகத்தான் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு தூரில் பிசின் வடியும். அடிமரத்தை ஒட்டிக் குவிந்த மண்ணை விலக்கி, ஒட்டுக்கட்டிய இடம் வெளியே தெரியும்படி வைத்து, பிசின் வடியும் பட்டையைச் சுரண்டிப் பசை பூசுங்கள். மல்லிக்குக் கவலை இல்லை; கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வதுதானே வழக்கம், காற்று அதைக் கொஞ்சம் தாறுமாறாகச் செய்திருக்கும், நீங்கள் ஒழுங்குபடுத்தினால் போதும். செம்பருத்தி, அரளி, காகிதப்பூ எதைச் செய்தாலும் வரும். பப்பாளித் தண்டு உள்ளே பொந்தாக இருக்கும், தலை ஒடிந்தால் மழைநீர் தேங்கி அழுகும். புதுக்கன்று வைப்பதே லாபம்.

இலையில் என்னவென்று புரியாத புள்ளி, வாடல் இருந்தால் கடலூர்க்காரர்கள் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலும், புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். ஒரு கிளையை இலையோடும், கொஞ்சம் வேரோடும் எடுத்துப் போங்கள். செல்போன் படம் பாதி விஷயத்தைத்தான் சொல்லும்.

காலியான இடத்தில் என்ன வைப்பது என்று கேட்பவர்களுக்கு: கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு, நொச்சி. கொஞ்சம் உள்ளே வந்தால் வேம்பு, புங்கம், நாவல். வீட்டை ஒட்டித் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் (குல்மோகர்) வேண்டவே வேண்டாம், நிழல் எவ்வளவு குளுமையாக இருந்தாலும்.

முருங்கையைக் கடைசிக்கு வைத்தேன். அது ஒடியாத புயலே கிடையாது. நின்ற பகுதியை மூன்றடி உயரத்தில் சாய்வாக அறுத்துவிட்டு, வெட்டில் சாணி அப்பிவிடுங்கள், மாசிக்குள் நாலு பக்கமும் கிளைக்கும். விழுந்த கிளையை அடுப்புக்கு அனுப்பாதீர்கள். கை மொத்தத்தில் மூன்று நாலடி நீளத்துக்கு வெட்டி, சுவரோரம் நிழலில் சாய்த்து வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து, மண்ணும் சொதசொதப்பு போனபின் ஓரடி ஆழத்தில் ஊன்றலாம். ஈரத்திலேயே ஊன்றினால் போத்து அழுகும். ஃபெஞ்சலில் எங்கள் முருங்கை விழுந்தபோது பதினோரு போத்து தேறியது. இரண்டை நான் வைத்துக்கொண்டு மீதியைத் தெருவில் கொடுத்தேன். அதில் ஒன்று பின்தெரு ஆயா வீட்டில், செண்பகத்துக்குக் கிழக்கே நிற்கிறது.